அரைகிராமின் முப்பது நாள் சோதனை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுக் கணினியில் ஏற்றி, எது எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்த்தது.

அப்பா ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்க வேண்டும். சரியாக இருந்தால் முத்திரை குத்த வேண்டும். இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். முப்பத்து நான்கு வருடம் அதைச் செய்தார். கிலோவுக்கு ஐந்து கிராம் குறைந்தால் மற்ற ஆய்வாளர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இவர் ஒரு நகைக்கடையை அரை கிராமுக்காகப் பூட்டி சீல் வைத்தார். அன்றிலிருந்து சந்தை முழுக்க அவருக்குப் பெயர் அரைகிராம். சந்தையின் ஒரு முனையில் அவர் தலை தெரிந்தால் மறுமுனையில் எடைக்கற்கள் கோணிக்கு அடியில் போய்விடும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வியாபாரிகள் மேலதிகாரிகளிடம் புகார் சொல்லி நான்கு முறை அவரை இடம் மாற்ற வைத்தார்கள். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார்.

"இந்த மனுஷனோட சேர்ந்து கடைக்குப் போறதுக்குப் பட்டினியே கிடக்கலாம்" என்று அம்மா சொல்வாள். தக்காளி வாங்கப் போனால் தராசின் முள்ளை உற்றுப் பார்ப்பார். கடைக்காரன் வியர்ப்பான். அம்மா தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் இறந்துபோனாள்.

அதன் பிறகு அவர் புத்தகம் எழுத உட்கார்ந்தார். தராசில் ஏமாற்றும் முறைகளின் பட்டியல். அடியில் குடைந்து ஈயத்தை எடுத்த கல். தட்டுக்குக் கீழே ஒட்டிய காந்தம். கால் கட்டைவிரலில் கட்டிய நூல். தொள்ளாயிரத்து முப்பதை ஒரு கிலோ என்று காட்டும்படி பழக்கப்படுத்திய மின்னணுத் தராசு. எல்லாமே தன் கண்ணால் பார்த்தவை, கேள்விப்பட்டதை எழுதமாட்டார். ஒரு விரலால், அவருக்குப் பழகிய பழங்காலத் தட்டச்சுச் செயலி ஒன்றில், எட்டு வருடமாக எழுதி முன்னூறு முறைகளைத் தாண்டியிருந்தார். யார் வெளியிடுவார்கள், யார் படிப்பார்கள் என்று கேட்டால், "வாங்குறவன் படிப்பான். விக்கிறவன் இன்னும் கவனமாப் படிப்பான்" என்பார்.

அந்தப் புத்தகத்தால்தான் மென்பொருள் பேச்சே வந்தது. தெருமுனை நகலகத்துக்காரரின் கணினியை எவனோ ஒருவன் எங்கிருந்தோ பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்டான். பத்து வருடக் கோப்புகள் போயின. அப்பா அன்றே மகளுக்குப் போன் செய்தார்.

மகளுக்கு ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் வேலை. அங்குள்ள சர்வர்களை இப்படிப்பட்டவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்குத்தான் சம்பளம். ஆகவே அவள் பதில் சுருக்கமாக இருந்தது.

"கணினியோட கூடவே ஒரு பாதுகாப்பு வருதுப்பா. அதுவே போதும்."

"தராசு விக்கிறவனே எடைக்கல்லும் குடுத்தா நான் முத்திரை குத்துவேனா?"

"இது தராசு இல்ல."

"அளக்குறதா சொல்றது எல்லாம் தராசுதான். ஞாயித்துக்கிழமை வா."

போனாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் போவாள். புத்தகத்தை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, மாத்திரைகளைச் சரிபார்த்துவிட்டுத் திரும்புவாள். இந்த முறை மேசைமேல் கோடு போட்ட தாள் ஒன்று தயாராக இருந்தது. மூன்று மென்பொருள்களின் பெயர், தேதி, நேரம், காட்டிய அளவு, குறிப்பு. சித்தப்பாவும் வந்திருந்தார். அவர் டயர் கடை வைத்திருப்பவர். எந்த விஷயமானாலும் இரண்டு வாரம் முன்பே தெரிந்துகொண்டவரைப் போல நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

"அண்ணே, இதுக்குப் போய் ஆராய்ச்சியா? நான் ஒண்ணு போட்டிருக்கேன், இலவசம். மூணு வருஷமா ஒரு வைரஸ் கிடையாது."

"கிடையாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"வந்தா அதுவே சொல்லும்ல!"

"முப்பத்து நாலு வருஷத்துல எந்தத் தராசும் 'நான் தப்பு'ன்னு என்கிட்ட சொன்னதில்லடா."

மூன்றையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஒரே பொருளை மூன்று தராசிலும் போட்டுப் பார்ப்பதுதான் அவர் துறையின் வழக்கம். மகள் தலையிலடித்துக்கொண்டாள். இரண்டு காவல்காரர்களை ஒரே வாசலில் நிறுத்தினால் ஒருவனை ஒருவன் திருடன் என்று பிடிப்பான், கணினி நின்றுவிடும் என்று விளக்கினாள். ஒன்றை நீக்கிவிட்டுத்தான் அடுத்ததைப் போடலாம் என்று சமாதானம் ஆயிற்று.

எதைச் சோதிப்பது என்று முடிவுசெய்ய அவர் ஏற்கனவே இணையத்தில் தேடியிருந்தார். சிறந்த பத்து, மிகச் சிறந்த பத்து, நிபுணர்கள் பரிந்துரைக்கும் பத்து. எல்லாப் பக்கங்களிலும் ஒரே பச்சைப் பொத்தான், ஒரே தள்ளுபடி, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே அவசரம். நிபுணர் என்று போட்டிருந்த சிரித்த முகம் இன்னொரு தளத்தில் பல் மருத்துவராக இருந்தது. அதை அப்பாதான் கண்டுபிடித்தார். மகளுக்கு அது புதிதல்ல. பயத்தைக் கிலோக்கணக்கில் விற்கும் தொழில் இது. எடை போடுகிறவனும் அவனே, முள்ளைப் பார்த்துச் சொல்கிறவனும் அவனே.

முதலாவது மென்பொருள், திரை முழுக்கச் சிவப்பாகி நானூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகளைக் கண்டுபிடித்தது. இரண்டாவது ஒன்பது. மூன்றாவது சுழியம்.

"ஒரே கணினி. ஒரே காலை" என்றார் அப்பா. முகத்தில் பழைய வெளிச்சம். "எவன் இங்க கட்டைவிரலை வச்சு அமுக்குறான்?"

மகள் நானூற்றுப் பன்னிரண்டைத் திறந்து காட்டினாள். இணையதளங்கள் விட்டுச்செல்லும் சின்னச் சின்னக் குறிப்புகள் அவ்வளவும். அடையாளச் சீட்டு மாதிரி. எந்தக் கணினியிலும் இருக்கும், யாரையும் கடிக்காது.

"அப்போ கடைவாசல்ல கிடக்கிற காகிதத்தையெல்லாம் எண்ணி, நானூறு திருடன் நிக்கிறான்னு சொல்றான்."

"ஆமா. காசு குடுத்தா பெருக்கித் தர்றேங்கிறான்."

"நானூறுன்னு சொல்றவன்தானேண்ணே கெட்டிக்காரன்?" என்றார் சித்தப்பா. "சுழியம்கிறவன் தூங்குறான்."

அப்பா மகளைப் பார்த்தார். அந்தக் கேள்வி நியாயமானது என்று அவருக்கே பட்டது. சுழியம் காட்டும் தராசு நேர்மையானதா, பழுதானதா என்று கல்லைப் போடாமல் தெரியாது.

மகள் சொன்னாள்: "இதுக்கும் எடைக்கல் இருக்குப்பா."

இருக்கிறது. ஒரு சின்னக் கோப்பு. யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் எல்லா வைரஸ் தடுப்புகளும் அதைக் கண்டதும் வைரஸ் என்று கூவ வேண்டும் என்று துறைக்காரர்கள் கூடி வைத்துக்கொண்ட ஏற்பாடு. சோதிப்பதற்கென்றே செய்தது. ஒரே ஒரு வரி. அவள் அதைக் கணினியில் எழுதிச் சேமித்தாள். மூன்றாவது மென்பொருள் அலட்டிக்கொள்ளாமல் எழுந்து, அதைப் பிடித்து, ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "இதுக்கும் கல்லு இருக்கா! முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நாளை வீணாக்கியிருக்க மாட்டேனே!" மறுபடியும் செய்யச் சொன்னார். தானே ஒரு விரலால் அந்த வரியை அடித்தார். மூன்று முறை பிடித்தது. தாளில் குறிப்பு என்ற கட்டத்தில் "தேறியது" என்று எழுதி, முத்திரை குத்துவதுபோல மேசையில் முஷ்டியால் ஒரு தட்டு தட்டினார். சித்தப்பா டீ கேட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். மகளுக்கு ஐந்தரை மணிக்கு ரயில். ஆனாலும் புத்தகம் இருக்கும் கோப்புறையைத் தனியாகப் பாதுகாக்கும் வசதி ஒன்று அந்த மென்பொருளில் இருந்தது. அனுமதிப் பட்டியலில் இல்லாத எந்தச் செயலியும் அந்தக் கோப்புறைக்குள் கை வைக்க முடியாது. நகலகத்துக்காரருக்கு நடந்தது இங்கே நடக்காது. அதையும் போட்டாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"அதைச் சோதிச்சுப் பாத்தியா?" என்றார் அப்பா.

"அது சரியா இருக்கும்ப்பா."

முப்பத்து நான்கு வருடத்தில் "சரியா இருக்கும்" என்று சொன்ன ஒரு கடைக்காரனையும் அவர் விட்டதில்லை. மகளை விட்டுவிட்டார். "வண்டிக்கு நேரமாச்சு, போ" என்றார்.

பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனில் பேசினார்கள். மென்பொருள் எப்படி என்று அவள் கேட்டாள். "கவனிச்சுட்டு இருக்கேன். முப்பது நாள் ஆகட்டும், சொல்றேன்" என்றார். புதுக் கருவிக்கு முப்பது நாள் கண்காணிப்பு, அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. அதுவும் துறை வழக்கம். அவள் சிரித்தாள். எழுத்து எப்படிப் போகிறது என்று கேட்டாள். ஜோராகப் போகிறது, பயம் விட்டதால் வேகமாக ஓடுகிறது, மின்னணுத் தராசு அத்தியாயம் முடியப் போகிறது, அதுதான் புத்தகத்தின் உயிர் என்றார்.

இருபத்தைந்தாவது நாள், ஒரு வியாழக்கிழமை, முடிதிருத்தும் கடையில் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். "தூங்குறார்னு நெனச்சு மெதுவா வெட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் முடிதிருத்துபவர். ஒரு பக்கம்தான் வெட்டியிருந்தது.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். கஷ்டப்படாமல் போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள், ஏதோ அவர் முன்பதிவு செய்து போனதுபோல. அவர் இடமாற்ற உத்தரவில் கையெழுத்துப் போட்ட மேலதிகாரி வந்து, "நேர்மைன்னா அவர்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். வேறு எதையாவது கொடுத்திருப்பாள்; கையில் இருந்தது தண்ணீர்தான்.

நான்காவது நாள் கூட்டம் ஓய்ந்தது. அவள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனாள். திரை கறுப்பாக இருந்தது. அதன்மேல் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "சோதனையில் உள்ளது. அணைக்கக் கூடாது." பக்கத்தில் ஒரு நோட்டு. திறந்தாள்.

"நாள் 1. காலை 10.40. முறை எண் 316-ஐச் சேமிக்க முயன்றேன். அனுமதி மறுக்கப்பட்டது. காரணம்: அறியப்படாத செயலி. கருவி கண்டிப்பானது."

"நாள் 2. காலை 11.15. மறுக்கப்பட்டது. எனக்கே சலுகை காட்டவில்லை. நேர்மையான கருவியாகத் தெரிகிறது."

"நாள் 5. மறுக்கப்பட்டது. சேமிக்காவிட்டாலும் எழுதியது திரையில் அப்படியே இருக்கிறது. கணினியை அணைக்காமல் வைத்திருக்கிறேன். கண்காணிப்புக் காலத்தில் கருவியின் அமைப்பை மாற்றுவது முறையல்ல. 30-ஆம் நாள் மகளிடம் மொத்தமாகத் தெரிவிக்க வேண்டும்."

இருபத்தாறு மறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் நேரம், காரணம். எங்கும் ஒரு முனகல் இல்லை. திருடனுக்காக அவள் போட்ட பூட்டு, வீட்டுக்காரரை வெளியே நிறுத்தியிருந்தது. அவரோ பூட்டின் கறார்த்தனத்தை மெச்சி நற்சான்று எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய தட்டச்சுச் செயலி பட்டியலில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ஒரு வரி அடித்து ஒருமுறை சேமித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அலுவலகத்தில் யாராவது இப்படிச் சோதிக்காமல் விட்டுப்போனால் அவள் எழுதும் கடிதம் பிரசித்தமானது.

பென் டிரைவில் இருந்தது முன்னூற்றுப் பதினைந்து வரை. புத்தகத்தின் உயிர் என்று அவர் சொன்ன பக்கங்கள் அணைக்காத கணினியின் நினைவில் மட்டும் இருந்தன. திரை கறுப்பாக இருந்தது.

"சித்தப்பா!"

வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இந்தக் கணினியை யார் அணைச்சது?"

"நான்தாம்மா. அன்னிக்கே அணைச்சுட்டேன். ஆள் இல்லாத ரூம்ல ராவும் பகலும் எரிஞ்சுக்கிட்டு இருந்தது."

"சீட்டு ஒட்டியிருந்ததே?"

"அண்ணன் எதுக்குத்தான் சீட்டு ஒட்டலை? குளியலறைக் குழாய்க்குக்கூட ஒட்டியிருக்கார். உட்காரு. இதைப் பத்திக் கவலைப்படாதே, மெதுவா ஓடுற வண்டி. நான் கொண்டுபோய் எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டுக்கறேன். பேத்திக்கு ஆகும்."

"எப்படி அணைச்சீங்க?"

"எப்படின்னா?"

"எந்தப் பட்டனை அமுக்குனீங்க? காட்டுங்க."

சித்தப்பா குனிந்து, இரண்டு வயதுக் குழந்தைக்குக் காட்டுகிற பொறுமையோடு, திரையின் கீழ் விளிம்பில் இருந்த சின்னப் பட்டனைக் காட்டினார். "இதோ. இதை அமுக்குனா அணையும். இதுகூடத் தெரியாமத்தான் கப்பல் கம்பெனியில சம்பளம் வாங்குறியா?"

மகள் மண்டியிட்டு மேசைக்கு அடியில் கையை விட்டாள். கணினியின் பெட்டி சூடாக இருந்தது. உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று வருடமாகத் தன் வீட்டில் ஒரு வைரஸ்கூட இல்லை என்று சொன்ன மனிதருக்குத் திரைதான் கணினி. உலகத்தில் உள்ள அறியாமைகளில் அவள் நன்றி சொல்ல வேண்டியிருந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

"பெட்டியைத் தொடாதீங்க. பிளக்கைத் தொடாதீங்க. கொஞ்சம் வெளியில இருங்க, சித்தப்பா."

"அப்பன் புத்தி அப்படியே" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பட்டனை அமுக்கினாள். திரை வெளிச்சமானது. முதலில் வந்தது மென்பொருளின் அறிவிப்பு: "வாழ்த்துகள்! இந்த மாதம் உங்களை 26 முறை பாதுகாத்துள்ளோம்." கீழே கைதட்டும் பொம்மை. அதற்கும் கீழே, குடும்பத்தில் மற்றவர்களையும் பாதுகாக்கச் சலுகை விலை.

அறிவிப்பை மூடினாள். பின்னால் அப்பாவின் பக்கங்கள் திறந்தபடி இருந்தன. எதையும் படிக்கவில்லை. முதலில் மென்பொருளுக்குள் போய்த் தட்டச்சுச் செயலியின் பெயரைத் தேடி, "அனுமதி" என்ற இடத்தில் சொடுக்கினாள். ஒரே சொடுக்கு. ஆனாலும் இந்த முறை நம்பவில்லை. புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரு வார்த்தை அடித்து, அந்தக் கோப்புறையில் சேமித்துப் பார்த்தாள். சேமித்தது. மூடித் திறந்து பார்த்தாள். இருந்தது. அதன் பிறகுதான் அப்பாவின் பக்கங்களைச் சேமித்தாள். பென் டிரைவில் ஒன்று, தன் மடிக்கணினியில் ஒன்று, அலுவலக சர்வரில் விதியை மீறி ஒன்று. மூன்றையும் திறந்து கடைசி வரி வரை இருக்கிறதா என்று பார்த்தாள்.

அப்போதுதான் படித்தாள். இருபத்து நான்கு நாளில் இருபத்தைந்து முறைகள். சட்டைப்பையில் இருக்கும் சின்ன ரிமோட்டால் முள்ளே இல்லாத தராசைக் கோணலாக்குவது. முத்திரைக் கம்பியை அறுக்காமல் உறையின் அடிப்பக்கத்தைச் சூடுபண்ணித் திறப்பது. நடை இறுகியிருந்தது. நையாண்டிகூட எட்டிப்பார்த்தது. "கருவி புதிது, கை பழையது" என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தார்.

கடைசியாக இருந்தது எண் 341. எழுதிய தேதி, புதன்கிழமை.

"கடை: மீன் கடை, பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இடமிருந்து மூன்றாவது. தராசு: மின்னணு, முத்திரை இந்த வருடத்தது, கம்பி அறுபடவில்லை. புகார்: காலையில் சரியாக நிற்கிறது. பத்து மணிக்கு மேல் வாங்குபவர்களுக்குக் கிலோவுக்கு நாற்பது கிராம் குறைகிறது. இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். கடைக்காரர் தராசைத் தொடுவதே இல்லை. ரிமோட் இல்லை, இரண்டு கையும் மீனில் இருக்கிறது. எனக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஒரு கிலோ கல்லோடு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு முன் முடி வெட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தலையோடு போனால் அடையாளம் கண்டுகொள்வான்.

ஏமாற்றும் முறை:"